பொயிலரை மூட எந்தப் பலகை?

பெரகலயில் பனி இறங்கினால் சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது. பொயிலர் குழாயில் பேத்தி கையைச் சுட்டுக்கொண்டபின், அதைப் பெட்டி அடித்து மூட நினைத்தேன்.

எம்.டி.எஃப். மலிவுதான். ஆனால் ஈரம் பட்டால் ஊதி உதிரும். இங்கே மூடுபனி வீட்டுக்குள்ளேயே வருகிறது. ஜிப்சம் பலகை தீயைத் தாங்கும், கசிவைத் தாங்காது.

"பழைய அஸ்பெஸ்டஸ் தகடு கிடக்குதே அக்கா, அத வெட்டுவமா?" என்றார் பாஸ். மறுத்துவிட்டேன். 1983இல் இங்கிருந்து வன்னிக்குப் போனவர்கள் நாங்கள். ஷெல்லில் நொறுங்கிய கூரைத் தகடுகளை வெறுங்கையால் கூட்டி அள்ளினோம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சில் போன நார் நோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அன்று அள்ளியவர்களுக்கு விடாத இருமல் இருந்தால், அந்தத் தூசியைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கடைசியில் அஸ்பெஸ்டஸ் கலக்காத சிமெந்து நார்ப்பலகை வாங்கினோம். எரியாது, ஊதாது. அதன் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் நனைத்தே அறுத்தோம். பாஸ் முகக்கவசம் போட முணுமுணுத்தார். முன்பலகையைத் திருகாணியில் கழற்றலாம். மேலும் கீழும் காற்றுத் துவாரம் விட்டோம். பாதுகாப்பு வால்வின் குழாயைப் பெட்டிக்கு வெளியே, பேத்திக்கு எட்டாத பக்கம் திருப்பினோம். பழைய தகடு உடையாமல் கொல்லையில் கிடக்கிறது.