இருதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் பிள்ளைகள்: பழியை யார் மேல் போடுவது?

'என் மனைவி என் சொந்த அக்கா மகள். எங்களுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை என்கிறார்கள். கிரகணத்தன்று அவள் அரிவாள்மனையில் காய் நறுக்கியதால்தான் இப்படி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். மல்லிகைத் தோட்டத்துக்கு நான் அடிக்கும் மருந்துதான் காரணமோ என்று எனக்குப் பயம். எது உண்மை? அடுத்த பிள்ளைக்கும் வருமா?'

அழகர்கோவில் பக்கத்து விவசாயி ஒருவரின் கேள்வி இது. இதில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. நான்கிலும் அடிபடுவது அந்தத் தாய்தான்.

கிரகணத்தை முதலில் தள்ளிவிடலாம். கருவில் இருதயம் உருவாவது மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்து, பரிசோதனை செய்து, மாமியாரிடம் சொல்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வந்த கிரகணம், ஏற்கெனவே கட்டி முடிந்த சுவரில் ஓட்டை போட முடியாது. முதல் மாதத்திலேயே வந்திருந்தாலும், நிழல் விழுவதற்கும் கருவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உதடு பிளந்து பிறக்கும் குழந்தைக்கும் இதே பதில்தான்.

இது அபூர்வமான நோயும் அல்ல. உலகம் முழுவதும் ஏறக்குறைய 100 குழந்தைகளில் ஒன்று ஏதோ ஓர் இருதயக் குறையோடு பிறக்கிறது. பிறவிக் குறைகளிலேயே அதிகம் காணப்படுவது இதுதான். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் குழந்தைகள் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கு முதல் வயதுக்குள்ளேயே சிகிச்சை தேவைப்படும்.

'ஓட்டை' என்பது என்ன? பெரியாறு கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இருதயத்தில் நான்கு அறைகள். வலது பக்கம் கெட்ட ரத்தம், இடது பக்கம் நல்ல ரத்தம், நடுவில் வரப்பு மாதிரி ஒரு சுவர். இடது பக்கத்தில் அழுத்தம் அதிகம். சுவரில் உடைப்பு இருந்தால் மேட்டு வாய்க்கால் தண்ணீர் பள்ளத்து வயலில் இறங்குவதுபோல நல்ல ரத்தம் வலது பக்கம் பாய்ந்து, நுரையீரலை நிறைத்துவிடும். குழந்தைக்கு மூச்சு வாங்கும், எடை ஏறாது. கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சிறிய ஓட்டைகள் பல, வளர வளரத் தானாகவே மூடிக்கொள்ளும். பெரியவை மூடாது. இன்னொரு வகையில் கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து உடலுக்குப் போகும். அழும்போது உதடும் நாக்கும் நீலம் பாய்வது அந்தக் குழந்தைகளுக்குத்தான்.

அடுத்தது சொந்தத்தில் கல்யாணம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலேயே தமிழ்நாட்டில்தான் இது அதிகம், 28 சதவிகிதம். நாட்டின் சராசரி 11. ஆடு வளர்ப்பவர்கள் ஒரே கிடாவை வருடக்கணக்கில் மந்தையில் விட்டுவைப்பதில்லை. அதன் குட்டிகளோடே அது சேர்ந்தால் நோஞ்சான் குட்டி விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். மந்தைக்குக் காட்டும் அந்தக் கவனத்தைச் சம்பந்தம் பேசும்போது நாம் காட்டுவதில்லை. ஒரே முன்னோரிடமிருந்து வந்த குறையுள்ள மரபணு, தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்றால் அந்த வாய்ப்பு 16-ல் ஒன்று. தாய்மாமன், அக்கா மகள் என்றால் 8-ல் ஒன்று, அதாவது இரட்டிப்பு.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்த பெரிய ஆய்வு 2013-ல் வெளியானது. பிறவிக் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 100-க்கு 3 என்பது, பெற்றோர் ஒன்றுவிட்ட உறவாக இருந்தால் 6 ஆகிறது என்று அது காட்டியது. மீதி 94 குழந்தைகள் நன்றாகவே பிறந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் இருதயக் குறையோடு பிள்ளை பிறக்கத்தான் செய்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 'இதுதான் காரணம்' என்று மருத்துவத்தால் விரல் நீட்ட முடிவதில்லை.

விரல் நீட்ட முடிந்த காரணங்களில் ஒன்று மதுரையிலேயே வெளிச்சத்துக்கு வந்தது. 1990-களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு வந்த 366 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்குக் காரணம், கர்ப்பத்தில் தாயைத் தாக்கிய ருபெல்லா கிருமி. தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, மூன்று நாளில் சரியாகிவிடும், அவள் மறந்தும் போவாள். முதல் மூன்று மாதத்தில் அது வந்தால் பிள்ளையின் கண், காது, இருதயம் மூன்றையும் கெடுக்கும். 1941-லேயே ஆஸ்திரேலியாவின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டுபிடித்துவிட்டார். தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடும் இயக்கம் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அன்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊசி வேண்டாம் என்ற பெற்றோர் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைகள் இப்போது கல்யாண வயதுக்கு வருகிறார்கள்.

இனி, மருந்து. கேரளத்தின் காசர்கோட்டில் அரசு முந்திரித் தோட்டங்களுக்கு எண்டோசல்பானை 2000-ம் ஆண்டு வரை இருபது வருடங்களுக்கு மேல் ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அடிவாரத்து ஊர்களில் பிறவிக் குறையுள்ள குழந்தைகள் கூடின. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017-ல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. அதற்காக, கேள்வி கேட்ட விவசாயியின் மகளுக்கு மல்லிகை மருந்தால்தான் ஓட்டை விழுந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு தனிக் குழந்தையைக் காட்டி அப்படி நிரூபிக்க வழி இல்லை. நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்த செடியில், விடிவதற்கு முன்பே, கையுறை இல்லாமல் பூ எடுப்பவர்கள் பெண்கள். கர்ப்பிணி மட்டுமல்ல, பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணும் மருந்து கலக்கக் கூடாது, டேங்க் கழுவக் கூடாது, டப்பாவில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை அந்தப் பாத்திக்குள் இறங்கக் கூடாது. மருந்து அடித்தவர் தன் சட்டையைத் தானே தனியாக அலச வேண்டும். அதை மனைவி தலையில் கட்டக் கூடாது.

சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தாமல் கருத்தரிப்பதும், வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகளும், மதுவும் இருதயக் குறைக்கு வழி விடும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, இரண்டு மடக்கு குடித்துவிட்டு இளைப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, எடை ஏறாதது, உதடு நீலம் பாய்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மந்திரிக்க அலையாமல் எக்கோ பார்க்க வேண்டும். 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வருகிறது. குறை தெரிந்தால் அறுவைச் சிகிச்சை வரை இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் இருதய அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும். விவரம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

அடுத்த பிள்ளைக்கு வருமா? ஒரு குழந்தைக்கு இருந்தால், அடுத்ததற்கு வர வாய்ப்பு பொதுவாக 100-க்கு 2 அல்லது 3. நெருங்கிய சொந்தம் என்பதால் இவர்களுக்குச் சற்றுக் கூடலாம். மரபியல் ஆலோசனை கேட்டுவிட்டு, கருத்தரிக்கும் முன்பே மனைவிக்குச் சர்க்கரை பார்த்து, ருபெல்லா ஊசி போட்டிருக்காவிட்டால் போட்டு ஒரு மாதம் பொறுத்து, ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கும்போது, முதல் குழந்தைக்கு இருதயக் குறை இருந்ததைச் சொல்லி, கருவின் இருதயத்துக்குத் தனியாக எக்கோ கேட்டு வாங்க வேண்டும்.