சுறா மனிதனைக் கடிப்பது ஏன்?

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், குளிப்பவர்களின் பாதுகாப்புக்கென ஒரு விநோதமான மனிதர் அமர்த்தப்படுவார். அவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். மந்திரம் ஓதிச் சுறாக்களின் வாயைக் கட்டுவது அவர் வேலை! 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்துக்களில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரவாதிகளுக்குக் கூலியாகச் சென்றது என்று எழுதியிருக்கிறார். இரவில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். அப்போதுதானே திருடர்கள் கடலில் இறங்க அஞ்சுவார்கள்! பிற்காலத்தில் ஆங்கிலேய அரசும் இவர்களுக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது.

மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்ற ஆயிரக்கணக்கானோரில் சுறாவிடம் சிக்கியவர்கள் மிக மிகச் சிலரே. இது மந்திரத்தின் பலனா? இல்லை. ஏராளமான படகுகள், ஓயாத கூச்சல், தொப்பென்று விழும் கற்கள் ஆகியவை சுறாவை விலகிப்போகச் செய்திருக்கும். அதைவிட முக்கியமான காரணம், மனிதன் சுறாவின் வழக்கமான இரை அல்ல என்பதே.

அப்படியானால் சில வேளைகளில் கடிப்பது ஏன்? சுறாவின் புலன்களைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக் கார் தொழிற்சாலைகளில், உதிரிப்பாகம் அருகே வந்ததும் தொடாமலே கண்டுகொள்ளும் சென்சார்கள் உண்டு. சுறாவின் மூக்கைச் சுற்றியும் அப்படிப்பட்ட உணர்விகள் இருக்கின்றன! கூழ் நிரம்பிய இந்த நுண்துளைகளை 1678இல் இத்தாலியரான லோரன்சினி விவரித்தார். மீனின் தசைகள் அசையும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்புலத்தையும் இவை உணர்ந்துவிடும். ஆனால் அருகில் இருப்பது உயிர் என்று சொல்லுமே தவிர, அது மீனா மனிதக் காலா என்பதைத் தெளிவாகச் சொல்லாது.

கலங்கிய நீரில் கண்ணும் உதவாது. தொட்டுப் பார்க்கச் சுறாவுக்குக் கையும் கிடையாது. ஆகவே வாயால் சோதிக்கிறது. பெரும்பாலும் ஒருமுறை கடித்ததும் விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் பற்கள் கூர்மையானவை என்பதால் அந்த ஒரு கடியே உயிருக்கு ஆபத்தாகலாம். அந்தி நேரத்திலும், கழிமுகங்களிலும், மீன் கழிவு கொட்டும் இடங்களிலும் குளிக்கக்கூடாது என்பது இதனால்தான்.

500க்கும் மேற்பட்ட சுறா இனங்களில், பெரும் வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச் சுறா ஆகிய மூன்றே பெரும்பாலான கொடிய தாக்குதல்களுக்குக் காரணம். காளைச் சுறா ஆற்று நீரிலும் வாழக்கூடியது. வங்காளத்தின் ஹூக்ளி ஆற்றில் நடந்த தாக்குதல்களுக்காகக் கங்கைச் சுறாவின் மேல் நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. அவற்றுள் பல காளைச் சுறாவின் செயலாக இருக்கலாம் என இன்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். பழி சுமந்த கங்கைச் சுறாவோ, இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இரு பக்கத்துக் கணக்கையும் பார்ப்போமா? மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்ச்சிகளாக, அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவகம் 2024இல் உலகம் முழுவதிலும் பதிவு செய்தவை 47. இறந்தவர்கள் 4 பேர். மனிதர்களின் மீன்பிடிப்பால் மடியும் சுறாக்களோ, விஞ்ஞானிகளின் மதிப்பீட்டின்படி 2019இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடி! துடுப்புக்காகவும், இறைச்சிக்காகவும், நம் வீட்டுச் சுறாப்புட்டுக்காகவும் பிடிபடுகின்றன. வேறு மீன்களுக்கு விரித்த வலையிலும் சிக்குகின்றன.

மத்தியைப் போலச் சுறா ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. பல இனங்கள் பருவமடையவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஈனுவதும் சில குட்டிகளே. குறைந்த எண்ணிக்கை எளிதில் மீளாது. அதனால்தான் திமிங்கலச் சுறா, கங்கைச் சுறா முதலியவற்றைப் பிடிப்பதை இந்தியச் சட்டம் தடை செய்துள்ளது. மந்திரம் ஓதிக் காக்கவேண்டிய நிலையில் இன்று இருப்பது மனிதன் அல்ல, சுறாதான்!