பில்லுல பத்து பர்சென்ட்... யாருக்கு மச்சி?

ட்ரீட்டுக்குப் போகும்போது நம்ம பசங்க போடுற கணக்கு இருக்கே... ஆடிட்டரே அசந்துடுவார்! மெனு கார்டை வலது பக்கத்திலிருந்துதான் படிப்போம். முதலில் விலை, அப்புறம்தான் ஐட்டம் பேரு. 'ரெண்டு சூப் சொல்லி நாலா பிரிச்சுக்கலாம்', 'ஐஸ்க்ரீம் இங்க வேணாம், வெளியில பெட்டிக்கடையில ஒரு குச்சி ஐஸ் போதும்'னு மேஜைக்கு அடியில் செல்போன் கால்குலேட்டர் ஓடிக்கிட்டே இருக்கும்.

அப்படித்தான் எங்க கேங்கில் ஒருத்தனுக்கு பர்த்டே. ஆறு பேர். பயபுள்ள அக்கவுன்ட்டில் இருந்தது 2,300 ரூபாய். ஊரு பேரு வேண்டாம்... ஏ.சி., மங்கலான லைட்டு, பேரே வாயில் நுழையாத ஐட்டங்கள் எல்லாம் உள்ள ரெஸ்டாரன்ட் ஒன்று. கூட்டிக் கழித்து, சாப்பாடு 2,140 ரூபாய், அஞ்சு சதவிகிதம் ஜி.எஸ்.டி. 107 ரூபாய், ஆக மொத்தம் 2,247 என்று ஆர்டர் கொடுக்கும்போதே முடிவாகிவிட்டது. 53 ரூபாய் மிச்சம் வேற. சூப்பர்ல!

கறுப்பு ஃபோல்டரில், சோம்பும் கல்கண்டும் சகிதமாக பில் வந்தது. 2,472 ரூபாய்!

பர்த்டே பேபி நம்பரை மாற்றிப் படிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தோம். வாங்கிப் பார்த்தால் நிஜமாகவே 2,472. நடுவில் 'எஸ்.சி. 10%' என்று ஒரு வரி, 214 ரூபாய். அதைச் சேர்த்த மொத்தத்துக்கு மேலே ஜி.எஸ்.டி. கடைசியில் ரவுண்ட் ஆஃப் வேறு. அதாவது சர்வீஸ் சார்ஜுக்கே 10 ரூபாய் 70 பைசா வரி! 172 ரூபாய் துண்டு விழுது. ஏ.சி.யிலும் அவனுக்கு வேர்த்துவிட்டது.

"ஷேர் போட்டுக் கட்டிடலாம் மச்சி, விடு. கேட்டா அசிங்கம்" என்றான் ஒருத்தன்.

இந்த 'கேட்டா அசிங்கம்'தான் மேட்டரே. பில்லை வாங்கி நாலு வரி படித்தாலே 'கஞ்சப் பிசினாறி' பட்டம். பக்கத்து டேபிள் பார்க்குமோ, சர்வர் என்ன நினைப்பாரோ, கூட வந்த பொண்ணுங்க சிரிப்பாங்களோ... இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கிற விலைதான் பல பில்களில் அந்தப் பத்து சதவிகிதம். ஆறு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவர்களை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, பில்லை ஒரு ரவுண்டு பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் சர்க்கார் பங்கு. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தபோது ஏ.சி. ஹோட்டலுக்கு 18 சதவிகிதம் போட்டார்கள். ஊரே அலறியது. அதே வருஷம் நவம்பர் 15 முதல் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவிகிதம் என்று குறைத்தார்கள். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை என்று பில்லில் பிரித்துப் போட்டிருப்பார்கள். (ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்குகிற ஸ்டார் ஹோட்டலுக்குள் இருக்கிற ரெஸ்டாரன்ட்டில் 18. அது நமக்கெதுக்கு, நாம என்ன அங்கயா போகப் போறோம்!) இந்த வரியை 'எடுங்க' என்று யாரிடமும் சண்டை போட முடியாது. ஆனால், வரி வாங்குகிற கடை பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. நம்பர் இருக்க வேண்டும். தமிழ்நாடு என்றால் அது 33-ல் ஆரம்பிக்கும். நம்பரே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால், அண்ணாச்சி உங்களுக்கு அல்வா கொடுக்கிறார். அதேபோல காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைகள், தங்கள் கையிலிருந்துதான் வரி கட்ட வேண்டும். நம்மிடம் தனியாக வசூலிக்கக் கூடாது.

அடுத்தது, தண்ணி. உட்கார்ந்ததுமே "மினரலா சார், நார்மலா?" என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள்... 'நார்மல்' என்று சொல்ல நம்ம ஆட்களுக்கு நாக்கு எழாது. பாட்டிலில் ஒரு விலை அச்சடித்திருக்க, பில்லில் வேறு விலை இருக்கும். அது தப்பு என்றுதான் ரொம்ப நாள் நானும் வீராப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஹோட்டலில் உட்காரவைத்துப் பரிமாறும்போது தண்ணீர் பாட்டிலை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. இடம், மேஜை, ஏ.சி. எல்லாம் சேர்ந்த சேவையாம் அது. ஆகவே மக்களே, வெட்கப்படாமல் "நார்மல்" என்று சொல்லுங்கள்.

இப்போ வில்லனுக்கு வருவோம். சர்வீஸ் சார்ஜ். இதை வரி என்றே பல பேர் நினைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு ஏ.சி. ரெஸ்டாரன்ட்டுகளில் 'சர்வீஸ் டாக்ஸ்' என்று ஒன்று நிஜமாகவே இருந்தது. அது அரசாங்கத்துக்குப் போன காசு. ஜி.எஸ்.டி. வந்த அன்றே அது செத்துப்போய்விட்டது. 'சர்வீஸ் சார்ஜ்' அதன் பங்காளியும் இல்லை, தாயாதியும் இல்லை. ஹோட்டல்காரர்கள் அவர்களாகவே போட்டுக்கொண்டது. பேரில் முதல் பாதி ஒன்றாக இருக்கிற ஒரே தைரியத்தில், வரிகளோடு வரியாக பில்லில் உட்கார்ந்துகொள்ளும்.

இது கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று மத்திய அரசு 2017 ஏப்ரலிலேயே வழிகாட்டுதல் கொடுத்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2022 ஜூலை 4-ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னது. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பேரில் வாங்கக் கூடாது, கட்டாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லக் கூடாது, சாப்பாட்டுக் கணக்கோடு கூட்டி அதுக்கு மேல் ஜி.எஸ்.டி. போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடி, அதே மாசம் 20-ம் தேதி இடைக்காலத் தடை வாங்கிவிட்டன. கேஸ் கிட்டத்தட்ட மூணு வருஷம் இழுத்தது. நம்ம அரியர் பேப்பர் மாதிரி! 2025 மார்ச் 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. வழிகாட்டுதல்கள் செல்லும், சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்குவது முறையற்ற வணிகம். வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களும் தலா ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னது கோர்ட். அவர்கள் அப்பீலும் போனார்கள்.

ஹோட்டல் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். டிப்ஸ் என்பது முன்னால் வந்து நிற்கிற சர்வருக்குத்தான் கிடைக்கும். உள்ளே அடுப்படியில் வேகிற மாஸ்டருக்கும், சிங்க்கில் கை ஊறிப்போய் பாத்திரம் தேய்க்கிறவருக்கும் யார் கொடுப்பார்? சர்வீஸ் சார்ஜ் என்றால் எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கலாமே? கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. சரி பாஸ், அப்போ அந்தப் பத்து ரூபாயையும் சேர்த்து பிரியாணி விலையிலேயே போட்டுவிடுங்களேன். விலையை ஏற்றிக்கொள்ள எந்த விதியும் தடுக்கவில்லை. மெனுவில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்பதுதான் இடிக்கிறது. அப்புறம், வசூலானது உண்மையிலேயே அந்தப் பாத்திரம் தேய்க்கிறவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க நமக்கு ஜன்னலும் கிடையாது.

சரி, டேபிளுக்கு வருவோம். எங்க கேங்கில் ஒரு கேட்டரிங் பார்ட்டி உண்டு. முகூர்த்த நாளானால் கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டையோடு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய்விடுவான். செமஸ்டர் ஃபீஸில் பாதி அவன் சாம்பார் வாளி தூக்கிச் சம்பாதித்தது. இந்த விவரமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பில்லை எடுத்துக்கொண்டு கேஷ் கவுன்ட்டருக்குப் போனான். குரலை உயர்த்தவில்லை.

"சார், இந்த சர்வீஸ் சார்ஜ் எங்களுக்கு வேணாம். எடுத்துட்டு வேற பில் குடுங்க."

"அது சிஸ்டத்துலயே வர்றது தம்பி. எடுக்க முடியாது."

"முடியும் சார். கஸ்டமர் வேணாம்னு சொன்னா எடுக்கணும்னுதான் ரூல். நீங்க முடியாதுன்னு சொன்னா நான் 1915-க்குத்தான் போன் பண்ணணும்."

1915, தேசிய நுகர்வோர் உதவி எண். மேனேஜர் எங்கள் ஆறு பேரையும் ஒருமுறை பார்த்தார். ரெண்டு பட்டனைத் தட்டினார். புது பில் வந்தது. 2,247! சிஸ்டத்துக்கு திடீரென்று ஞானோதயம்.

"ஏய்ய்ய்..." என்று கத்தியபடி எல்லோரும் எழுந்துவிட்டோம். பர்த்டே பேபி க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டினான். கிளம்ப வேண்டியதுதானே? கேட்டரிங் பார்ட்டி நகரவில்லை.

"சர்வருக்கு என்னடா குடுத்தீங்க?"

எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அதான் சர்வீஸ் சார்ஜையே எடுத்தாச்சே... அப்புறம் என்ன டிப்ஸு?"

"அது ஓனரு காசுடா. இது இவரு காசு."

நாம் குழப்பிக்கொள்கிற இடம் இதுதான். சர்வீஸ் சார்ஜ் கேட்கப்படுவது. டிப்ஸ் கொடுக்கப்படுவது. அந்தக் காலத்தில் 'காப்பிக் காசு' என்பார்கள். அதில் சட்டமும் கிடையாது, சதவிகிதமும் கிடையாது. உட்காரவைத்துப் பரிமாறுகிற ஏ.சி. ரெஸ்டாரன்ட்டில் பில்லில் அஞ்சிலிருந்து பத்து சதவிகிதம் வைப்பது ஒரு வழக்கம். சாதாரண சாப்பாட்டு ஹோட்டலில் பத்தோ இருபதோ. டோக்கன் வாங்கி நாமே தூக்கிக்கொண்டு வந்து சாப்பிடுகிற இடத்தில் ஒன்றும் வேண்டாம். கையில் காசே இல்லையா? "நல்லா இருந்துச்சுண்ணே"ன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாங்க, தப்பே இல்லை. நாம என்ன சம்பாதிக்கிறோமா?

ஆனால் கொடுக்கிற விதம்னு ஒண்ணு இருக்கு. சாப்பாடு வரும்வரை 'அண்ணே அண்ணே' என்று உருகிவிட்டு, பாக்கெட்டில் கனக்கிற சில்லறையை எல்லாம் ஈரத் தட்டுக்கு அடியில் கொட்டிவிட்டு வருவது கேவலம். அப்பா வயசுக்காரரை விரல் சொடுக்கிக் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் நூறு ரூபாய் வைத்தால் சரியாகிவிடுமா? கேர்ள் ஃப்ரெண்ட் முன்னால் பந்தா பண்ண அப்பா காசில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிற ஹீரோக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் திருந்த மாட்டார்கள். இன்னொன்று... மேஜை துடைக்கிற அக்காவுக்கோ, பையனுக்கோ யாருமே எதுவுமே வைப்பதில்லை. நாம் எழுந்த பிறகுதான் அவர்கள் வேலை ஆரம்பிக்கிறது, அதனால் நம் கண்ணில் படுவதே இல்லை.

மேற்படிப்புக்கு வெளிநாடு போகிற மக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இந்தக் கணக்கு அங்கே செல்லாது. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்குகிற வேலைக்கு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான். 1991-லிருந்து ஏறவே இல்லை. சில மாநிலங்கள் கூடுதலாக வைத்திருந்தாலும், அங்கே டிப்ஸ் என்பது பாதிச் சம்பளம். 15, 20 சதவிகிதம் வைக்காமல் எழுந்தால் பரிமாறியவர் வயிற்றில் அடித்த மாதிரி. சிங்கப்பூரில் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவிகிதம் சர்வீஸ் சார்ஜும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் தனி என்று அர்த்தம். ஜப்பானிலோ டிப்ஸ் வைக்கிற பழக்கமே இல்லை. மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று காசை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவார்கள்.

நம்ம ஊரில் இப்போது புதுசாக ஒரு சிக்கல். எல்லாம் யு.பி.ஐ. பில் 2,247 என்றால் பைசா பிசகாமல் 2,247 போய்விடுகிறது. முன்பு 2,300 வைத்தால் மீதி வரும், அதில் ஏதோ ஒன்று தட்டிலேயே தங்கும். இப்போ மீதியும் இல்லை, தட்டும் இல்லை. 'சேர்த்து ஸ்கேன் பண்ணிடுறேன்' என்றால் அது கடை அக்கவுன்ட்டுக்குத்தான் போகும். அங்கிருந்து அவர் கைக்கு வருவது அவர் சாமர்த்தியம்.

அன்றைக்கு எங்கள் ஆறு பேரிடமும் ஒரு ரூபாய்கூட ரொக்கம் இல்லை. கேட்டரிங் பார்ட்டி செல்போன் கவரைக் கழற்றி, பின்னால் நாலாக மடித்துச் சொருகியிருந்த அம்பது ரூபாய் நோட்டை எடுத்தான். "எனக்கு ஜி-பே பண்ணிடு" என்று பர்த்டே பேபியிடம் சொல்லிவிட்டு, சர்வர் கையில் கொடுத்தான். அவருக்கும் எங்க வயசுதான் இருக்கும். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"பில்லுல சர்வீஸ் சார்ஜ் போட்டா யாரும் தனியா வைக்க மாட்டாங்க சார். அதுலயே எல்லாம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க."

"அது உங்களுக்கு வருமா?" என்று கேட்டேன்.

கேஷ் கவுன்ட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சிரித்தார். "சோம்பு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்க சார்" என்றார்.

வெளியே வந்தோம். பர்த்டே பேபி அக்கவுன்ட்டில் பேலன்ஸ் மூணு ரூபாய். டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன், ஆறு பேருக்கும்.