சோபாவின் பின்சுவரும் நம் தறியின் அகலமும்

திருச்சிராப்பள்ளி தில்லைநகரிலும் கே.கே. நகரிலும், ஸ்ரீரங்கத்தில் புதிதாக எழும்பியுள்ள அடுக்கு வீடுகளிலும், முன்கூடத்தில் சோபா இல்லாத இல்லம் இன்று அரிது. சோபா வந்துவிட்டது, அதன் பின்னாலுள்ள சுவரை என்ன செய்வதென்பது மட்டும் பல வீடுகளில் இன்னும் தீராத கேள்வியாகவே நிற்கிறது. சிலர் வர்ணம் பூசுவோரை அழைக்கின்றனர். சிலர் சித்திரக் காகிதம் ஒட்டுகின்றனர். சிலர் கடையில் வாங்கிய அச்சுப்படத்தை மாட்டுகின்றனர். நெசவாளரிடம் போய்க் கேட்கலாம் என்ற நினைவு ஒருவருக்கும் எழுவதில்லை. அவ்வாறு கேட்க இடமுண்டு என்பதை நம் சங்கங்களும் இதுவரை எடுத்துச் சொல்லவில்லை. அந்தச் சுவரைப் பற்றியும், அதற்கேற்ற துணியை நெய்யும் முறையைப் பற்றியும் சில செய்திகளை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முற்காலத்து வீடுகளில் இந்தக் கேள்வி எழவில்லை. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் உள்ள பழைய வீடுகளைக் கண்டோர் அறிவர். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீண்டு செல்லும் அவ்வீடுகளின் கூடத்தில் ஊஞ்சல் ஆடும். சுவரின் மேற்பகுதியில் தெய்வப் படங்கள் வரிசையாகத் தொங்கும். வசதியுள்ளோர் வீட்டில் தஞ்சாவூர் ஓவியம் இருக்கும். பலாப்பலகையில் துணியை ஒட்டிச் சுண்ணப்பொடிக் கலவையால் மேடு எழுப்பி, கண்ணாடிக் கற்களும் பொன்தகடும் பதித்து அதனைச் செய்தனர். இக்கலையில் வல்ல ராஜு குடும்பத்தார் தஞ்சையில் மட்டுமன்றித் திருச்சியிலும் வாழ்ந்தனர். பிறகு ரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப்படங்கள் வந்தன. அவற்றின் பின்னே சிவகாசி நாட்காட்டிகள் வந்தன. விலை குறையக் குறையப் படங்கள் எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. ஆயினும் சுவரில் இருந்தது தெய்வமே.

இங்குதான் நம் மக்களுக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. கூடத்தில் அமர்ந்தவர் தெய்வப் படத்தை நோக்கி அமர்ந்தார். சோபாவில் அமர்பவரோ தம் பின்சுவருக்கு முதுகைக் காட்டி அமர்கிறார். பெருமாளுக்கும் தாயாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்து காப்பி அருந்துவதற்கு ஸ்ரீரங்கவாசி எவரும் உடன்படமாட்டார். ஆகவே தெய்வப் படங்கள் வேறு சுவருக்கோ பூஜை அறைக்கோ சென்றுவிட, சோபாவின் பின்சுவர் வெறுமையாக நின்றுவிட்டது. முதுகு காட்டினாலும் குற்றமில்லாத ஒரு பொருள் அச்சுவருக்கு வேண்டும். கரையும் கோடும் கட்டமும் உள்ள கைத்தறித் துணியைவிடப் பொருத்தமான பொருள் வேறென்ன இருக்கிறது?

துணியைச் சுவரில் தொங்கவிடுவது நமக்குப் புதிதன்று. திருவிழாக் காலத்தில் தேர்களிலும் மண்டபங்களிலும் தொம்பைகளும் வாசமாலைகளும் மேற்கட்டிகளும் தொங்குவதை நாம் காண்கிறோம். இவற்றை எழுதுகோல் கொண்டு துணியில் தீட்டும் கலை, பழைய திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள கருப்பூர்ப் பகுதியில் வாழ்ந்து வருகிறது. ‘கருப்பூர் கலம்காரி ஓவியம்’ என்ற பெயருக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடுக்காய், இரும்புத் துருவுடன் வெல்லம் சேர்த்து ஊறவைத்த கறுப்புச் சாறு, சிவப்புக்குச் சாயவேர் ஆகியவை இக்கலையின் பழைய சரக்குகள்.

சோழமண்டலக் கரையில் இவ்விதம் எழுதப்பட்ட துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. அங்குள்ள செல்வர்கள் அவற்றைக் கட்டில் விரிப்பாகவும் சுவர்த் திரையாகவும் பயன்படுத்தினர். ‘பலங்போஷ்’ என்ற கட்டில் விரிப்பின் பெயரே அவர்கள் வாயில் ‘பாலம்போர்’ என்றாயிற்று. தங்கள் நாட்டு நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று கண்டு, பிரான்சு 1686இல் இத்தகைய துணிகளைத் தடை செய்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்தும் 1700இல் சட்டம் இயற்றியது. நம் துணி அந்நாட்டுச் சுவரில் ஏறிவிடாதிருக்க இரண்டு அரசுகள் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்று நம் ஊர்ச் சுவரில் அது ஏறுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

இனித் தொழிலுக்கு வருவோம். மூவர் அமரும் சோபா பெரும்பாலும் ஆறடி முதல் ஏழடி நீளம் இருக்கும். அதன் மேல் மாட்டும் பொருள், சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் இருந்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். அதனினும் குறைந்தால் பெரிய நெற்றியில் சிறு பொட்டு வைத்தாற்போலத் தோன்றும். சோபாவின் முழு நீளத்துக்கும் பரவினால் அறை குறுகிக் காணும். ஆறடி என்பது 72 அங்குலம். அதில் மூன்றில் இரண்டு பங்கு 48 அங்குலம். இந்த எண்ணைச் சேலை நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. உறையூரிலும் மணமேட்டிலும் அன்றாடம் நெய்யும் சேலையின் அகலமே அதுதான். புதுத் தறி வேண்டாம். தறியை அகலப்படுத்தவும் வேண்டாம். ஊடை ஓடும் அகலம் அப்படியே சுவரின் குறுக்கே அமையும்; துணியின் நீளத்தில் மூன்றடி உயரமாக நிற்கும்.

மேலே கோல் நுழைக்கும் மடிப்புக்கு 4 அங்குலம், கீழ் மடிப்புக்கு 2 அங்குலம், நனைத்தபின் சுருங்குவதற்கு 3 அங்குலம் என்று சேர்த்தால் ஒரு திரைக்கு 45 அங்குலம், அதாவது ஒன்றேகால் கஜம் நெய்ய வேண்டும். ஆறு கஜச் சேலை ஒன்றுக்கான பாவில் நான்கு திரைகள் முடிந்து ஒரு கஜம் மிஞ்சும். அந்த ஒரு கஜத்தில் அதே சோபாவுக்கு இரண்டு தலையணை உறைகள் தைக்கலாம்; சுவரும் இருக்கையும் ஒரே துணியாக இருப்பதை வாங்குவோர் விரும்புவர். அகலத்திலும் ஓரிரு அங்குலம் சுருங்கும், அதனால் குறையொன்றுமில்லை. சோபா ஏழரை அடியாக இருந்தால், 18 அங்குல அகலத் துண்டுகள் மூன்றை மும்மூன்று அங்குல இடைவெளி விட்டு மாட்டுக. மொத்தம் 60 அங்குலம் ஆகிவிடும்.

எனினும் சேலையை அப்படியே வெட்டிச் சுவரில் மாட்டுவது தவறு. சேலைக்குரிய குணம் வேறு, சுவர்த் திரைக்குரிய குணம் வேறு. உறையூர்த் துணியின் பெருமை அதன் மென்மையில் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பயணநூலாகிய பெரிப்ளூசில் குறிக்கப்படும் ‘அர்காரு’ மெல்லாடை உறையூரைச் சார்ந்ததே என்று அறிஞர் பலர் கொள்வர். அந்த மென்மையே சுவரில் குற்றமாகிவிடும். 80, 100ஆம் நம்பர் நூலில் நெய்த துணி, மின்விசிறி சுழலும்போதெல்லாம் படபடக்கும். பின்னுள்ள சுவர் தெரியும். சில திங்களில் நடுவில் தொய்யும். ஆகவே ஊடையில் தடித்த நூலை, 20ஆம் நம்பர் இரட்டை இழையைப் போன்றதை, இட்டு நெய்வது நன்று. ஊடை தடித்தால் ஒரு கஜத்துக்கு நாடா ஓடும் தடவைகள் குறையும்; எனவே நெய்யும் நேரமும் குறையும். கூலியை நிர்ணயிக்கும்போது இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். சேலைக் கூலியையே அப்படியே எடுத்து வைத்தால் திரை விலைபோகாது. வேண்டுமென்றே குறைத்தால் நெசவாளர் மறுபடி அதை நெய்யமாட்டார்.

வேலைப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சேலையின் சிறு புட்டா கையெட்டும் தூரத்தில் அழகு. சுவரிலுள்ளதை மக்கள் ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்க்கின்றனர். அங்கிருந்து நோக்கினால் சிறு புட்டா வெறும் புள்ளிதான். அகன்ற கோடும் தெளிந்த கட்டமுமே அங்கே எடுபடும். நம் தறியில் கரை பாவின் வழியே ஓடுவதால், திரையில் அது இடமும் வலமும் தூண்போல நிற்கும். கோபுரக் கரையும் தாழம்பூ ரேக்கும் இவ்விடத்தில் மிக நன்றாகப் பொருந்துகின்றன என்பது நம் அபிப்பிராயம். முந்திக்குரிய பட்டைகளை அடியில் நெய்தால் திரைக்குக் கீழ்க்கனம் கிட்டும். பவானி ஜமக்காளத்தின் அகன்ற பட்டைகள் தூரத்திலிருந்து எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

அடுத்தது கஞ்சி. பாவுக்குக் கஞ்சியிடாமல் நெய்ய இயலாது. கடையில் சேலை விறைப்பாக நிற்கவும் கஞ்சி வேண்டும். சேலையைக் கட்டுகிறவர் அடிக்கடி துவைப்பதால் கஞ்சி போய்விடுகிறது. சுவரிலுள்ள துணியை ஆண்டுக்கு ஒருமுறை துவைத்தாலே பெரிது. கஞ்சி தங்கிய துணி, இராமபாணப் பூச்சிக்கு நாம் வைக்கும் விருந்தாகும். ஆகையால் திரைத்துணியைத் தறியிலிருந்து இறக்கியதும் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி முழுதும் போக அலசி, நிழலில் உலர்த்திய பிறகே தைக்க வேண்டும். சுருக்கமும் அப்போதே முடிந்துவிடும்.

சாயத்துக்கும் வேறு பரீட்சை வேண்டும். சேலைச் சாயத்தைச் சோதிப்போர் அதனைத் துவைத்தும் வெள்ளைத் துணியில் தேய்த்தும் பார்ப்பர். சுவர்த் திரையைக் கெடுப்பது தண்ணீரன்று, வெளிச்சம். துவைத்தால் போகாத சாயமும் வெயிலில் வெளுக்கக் கூடும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் விரைவில் மங்கிவிடும்; அவுரி நீலம் அதைவிட நெடுநாள் தாங்கும்; வாட் சாயங்கள் பொதுவாக உறுதியானவை. பரீட்சை எளிது. ஒரு சாண் துணியை எடுத்து, பாதியைத் தடித்த அட்டையால் மூடிக் கட்டி, பதினைந்து நாள் வெயிலில் வைத்திருந்து அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். இரு பாதிக்கும் வேற்றுமை தெரிந்தால் அந்தச் சாயம் சுவருக்கு உதவாது. எந்தச் சங்கத்தின் முற்றத்திலும் காசு செலவின்றி இதைச் செய்யலாம்.

சுவரின் குணத்தையும் வாங்குவோருக்குச் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. அங்கே தரையோடு ஒட்டிய பழைய வீடுகளில் ஓதம் ஏறுவதும் சுவரில் உப்புப் பூப்பதும் உண்டு. செங்கல் தன் நுண்துளைகளின் வழியே நிலத்து நீரை மேலே இழுக்கிறது. நீர் உலர்ந்துபோக, அதிலிருந்த உப்பு சுவரின் மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. இத்தகைய சுவரில் ஒட்டிய சித்திரக் காகிதம் சில பருவங்களில் உரிந்து தொங்கும். துணியும் சுவரோடு படிந்து கிடந்தால் பூசணம் பிடிக்கும். கோலின் இரு முனையிலும் ஓரங்குலக் கனமுள்ள மரக்கட்டையை வைத்து, துணி சுவரைத் தொடாமல் காற்றோடும்படி மாட்டினால் இத்தொல்லை இல்லை. மழைக்காலம் கழிந்ததும் ஒருநாள் கழற்றி உதறி நிழலில் காயப்போடலாம். ஒட்டிய காகிதத்துக்கும் பூசிய வர்ணத்துக்கும் இந்த வசதி கிடையாது.

மாட்டும் உயரத்தில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் எண்ண வேண்டும். மேல்நாட்டு வழக்கில் சோபாவின் முதுகுக்கு மேல் ஆறங்குலம் விட்டால் போதும் என்பர். நாம் தலைக்கு எண்ணெய் தடவுகிறவர்கள். தலையைப் பின்னே சாய்த்து இளைப்பாறுகிறவர்கள். ஆறங்குலத்தில் தொங்கும் திரையின் அடிப்பாகம் ஒரு மாதத்தில் எண்ணெய்க் கறையாகிவிடும். ஒன்பது அங்குலமாவது விட வேண்டும். சோபாவின் முதுகு தரையிலிருந்து 34 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், திரை 43 அங்குலத்தில் தொடங்கி 79 அங்குலத்தில் முடியும். அதன் நடுப்பகுதி நிற்பவர் கண்ணுக்கு ஏறக்குறைய நேராக வரும்.

நெசவாளரைப் போலவே பயிரிடுவோருக்கும் இதில் பங்குண்டு. முசிறிப் பக்கத்தில் காவிரிக் கரையில் கோரை பயிராகிறது; அதனைக் கீறி உலர்த்திப் பாய் நெய்கின்றனர். பிளாஸ்டிக் பாய் வந்தபின் கோரைப்பாய் படுக்கையிலிருந்து விலகிவருவதை நாம் அறிவோம். சாயமிட்ட கோரையில் பட்டைகள் அமைத்து நெய்த சிறுபாய், வெண்சுவரில் மிக எடுப்பாக இருக்கும். ஆனால் கோரை ஈரத்துக்கு அஞ்சும் பொருள். ஓதமில்லாத மாடி வீடுகளுக்கே அதைக் கொடுக்கலாம். தரைவீட்டுக்காரர் கேட்டால் துணித் திரையைக் காட்டுவதே நேர்மை.

சங்கத்தின் பக்கத்தில் எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்கிறோம். புதுச்சரக்கு என்றதும் நூறு, இருநூறு என்று நெய்து கிடங்கில் அடுக்கும் ஆர்வம் சில நிர்வாகக் குழுக்களுக்கு உண்டு. கிடங்கில் தேங்கிய சரக்கு சங்கத்தின் முதலை விழுங்கும்; அதற்கு வட்டி ஓடும்; பின்னர் நூல் வாங்கப் பணமிராது; தறிகள் நிற்கும். மாதிரிக்கு மூன்று அல்லது நான்கு நிறங்களில் ஒவ்வொன்று நெய்து வைத்து, உத்தரவு பெற்ற பின் நெய்வதே தக்கது. மாதிரிகளைக் கோ-ஆப்டெக்ஸ் கடையிலும், சிங்காரத்தோப்பிலுள்ள பூம்புகார் விற்பனை நிலையத்திலும் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். கைத்தறித் துணிக்கு 2006இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையைத் திரையின் பின்புறம் தைத்தனுப்புவதும் அவசியம். ஆலையில் அச்சடித்த துணியைக் ‘கலம்காரி’ என்று சொல்லி விற்கும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. நம் சங்கங்கள் அதன் அருகிலும் போகலாகாது. கோட்டுத் துணியைக் கோட்டுத் துணி என்றே சொல்லி விற்றாலும் வாங்குவோர் இருக்கின்றனர்.

உத்தரவுச் சீட்டில் ஐந்து விவரங்கள் இருந்தால் போதும்: சோபாவின் நீளம், அதன் முதுகின் உயரம், சுவரின் நிறம், வீடு தரையிலா மாடியிலா என்பது, அச்சுவரில் எந்த வேளையில் வெயில் விழுகிறது என்பது. ஐந்தாவதை வாங்குவோர் தாமாகச் சொல்லமாட்டார்கள். விற்பனையாளர்தான் கேட்டு எழுத வேண்டும்.