பழைய மனையும் மின்காப்பும்

சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் கொண்டு எழுப்பிய சுவர் நூறாண்டு நிற்கும். தேக்கு உத்திரம் அதனினும் நெடுங்காலம் தாங்கும். ஆனால் அச்சுவரின்மேல் ஓடும் மின்கம்பிக்கு அத்தகைய ஆயுள் இல்லை. கம்பியைப் போர்த்திய காப்புறை சில பத்தாண்டுகளில் தளர்ந்துவிடும். வீட்டின் வயதையும் கம்பியின் வயதையும் ஒன்றென எண்ணுதலே பல இன்னல்களுக்கு வித்தாகும். கடற்கரை ஊர்களில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடலோர ஊர்களில் முற்றமும் தாழ்வாரமும் உடைய பழைய மனைகள் இன்றும் உள்ளன. அவற்றுள் பல எண்ணெய் விளக்கின் காலத்தில் எழுந்தவை. மின்சாரம் பின்னர் வந்து சேர்ந்தது. தமிழகத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டிலும், மேட்டூர் நிலையம் 1937ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. 1957ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. அதன்பின் சிற்றூர்களிலும் மின்விளக்கு விரைந்து பரவிற்று. கட்டிய சுவரை உடைக்க மனமின்றி, மரச்சட்டங்களைச் சுவரில் அறைந்து, அவற்றின்மேல் இரப்பர் உறையிட்ட கம்பிகளைத் தகட்டுக் கவ்விகளால் பிணைத்தனர். நான்கைந்து விளக்குகளுக்கும் ஒரு மின்விசிறிக்கும் அவ்வமைப்புப் போதியதாக இருந்தது.

இன்றோ அதே மனையில் குளிர்பதனப் பெட்டி, மாவரைக்கும் பொறி, வெந்நீர்க் கலம், குளிரூட்டும் பொறி ஆகியன இடம்பெற்றுள்ளன. 230 வோல்ட்டு அழுத்தத்தில் 60 வாட்டு விளக்கு ஒன்று ஏறத்தாழக் கால் ஆம்பியர் மின்னோட்டத்தையே கொள்ளும். 2000 வாட்டு வெந்நீர்க் கலமோ ஒன்பது ஆம்பியர் அளவு கொள்ளும். அஃதாவது, முப்பத்துமூன்று விளக்குகள் ஒருங்கே எரிவதற்கு அஃது ஒப்பாகும். கம்பியில் மின்னோட்டம் இரு மடங்கானால், அங்குத் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். அவ்வெப்பத்தால் பழைய உறை வறண்டு, வெடித்து, உதிர்கின்றது. உறை நீங்கிய கம்பிகள் ஒன்றையொன்று தொடுமாயின் தீப்பொறி எழும். அருகிலுள்ள மரச்சட்டமே அத்தீக்கு விறகாகும்.

இதனோடு உப்புக் காற்றின் கேடும் சேர்கின்றது. கடற்காற்று நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வந்து ஸ்விட்சுப் பலகையின்மேல் படியச் செய்யும். உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதே கடத்தும். உப்புக் கரைந்த நீரோ நன்கு கடத்தும். ஆதலால் ஈரமேறிய அப்படிவின் வழியே மின்சாரம் மெல்லக் கசியத் தொடங்குகின்றது. இரும்புப் பெட்டி துருவேறுகின்றது. பித்தளைத் திருகு பச்சை பூக்கின்றது. அலுமினியக் கம்பியைப் பித்தளையோடு இணைத்த இடம் விரைந்து அரிக்கப்படுகின்றது. அரித்த இணைப்புத் தளரும். தளர்ந்த இணைப்புச் சூடேறும்.

2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினக் கரையில் வீடுகளுக்குள்ளேயே கடல்நீரைக் கொண்டுவந்து சேர்த்தது. அத்தகைய நீர் வடிந்த பின்னரும், குழாய்களிலும் பலகைகளிலும் உப்புத் தங்கிவிடும். வெளியே உலர்ந்து காணப்படும் பலகை உள்ளே நஞ்சு கொண்டதாகவே இருக்கும். ஆதலின், கடல்நீரில் நனைந்த ஸ்விட்சுகளையும் இணைப்புகளையும் உலர்த்திப் பயன்படுத்துதல் தகாது, மாற்றுதலே முறை.

‘எம் வீட்டில் பியூசு இருக்கின்றதே, அது காவாதோ?’ என வினவுவோர் உளர். பியூசு என்பது அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தால் உருகித் தொடர்பை அறுக்கும் இழை. அது கம்பியைக் காப்பது. மனிதனைக் காக்க வல்லதன்று. ஐந்து ஆம்பியர் இழை 5000 மில்லி ஆம்பியர் வரையில் வாளா இருக்கும். மனித உடலின் வழியே சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயத்தின் இயக்கம் குலைந்து உயிர் நீங்கக்கூடும். அடிக்கடி உருகுகின்றதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பாரும் உளர். அவர் கம்பிக்கு இருந்த சிறு காவலையும் இழக்கின்றார்.

உயிரைக் காப்பதற்கென்றே அமைந்தது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. அதனை ஒரு துலாக்கோலுக்கு ஒப்பிடலாம். வீட்டினுள் செல்லும் மின்னோட்டத்தையும், திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அஃது இடையறாது ஒப்புநோக்கும். சென்றதனைத்தும் திரும்பினால் தட்டுகள் சமனாகும். எவரேனும் ஒருவர் உடல்வழியாக மின்சாரம் மண்ணுக்குக் கசிந்தால் சமநிலை பிறழும். வீடுகளில் அமைக்கும் கருவி, அவ்வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் நொடியில் பத்தில் மூன்று பங்குக்குள் தொடர்பைத் துண்டித்துவிடும். பழைய கம்பிகள் உள்ள வீட்டில் இக்கருவி அடிக்கடி விழுவதுண்டு. அதனைக் கருவியின் குற்றமெனக் கொண்டு அகற்றுவர் சிலர். குரல் கொடுத்த காவலனை வெளியேற்றுதல் அறிவுடைமை ஆகாது. எங்கோ கசிவு உண்டு என்பதே அதன் பொருள்.

அடுத்து இன்றியமையாதது ‘எர்த்து’ எனப்படும் நிலத்தொடுப்பு. பொறியின் இரும்புடலில் மின்சாரம் கசிந்தால், அதனைத் தொடுவோர் உடலை நாடாமல் மண்ணுக்குள் செலுத்தும் வழி இது. பழைய இருதுளைச் செருகுவாயில் இவ்வழி இல்லை. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று மாவரைப்போர்க்கு அதனால் நேரும் இடர் சொல்லத் தரமன்று. நிலத்தொடுப்பு ஊருக்கு ஊர் வேறுபடும். கடற்கரை மண் ஈரமும் உப்பும் உடையதாதலால் மின்சாரத்தை எளிதில் ஏற்கும். ஆயினும் புதைத்த இரும்புக் குழாயை விரைவில் தின்றுவிடும். திண்டுக்கல் மாவட்டத்து எரியோடு போன்ற உள்நாட்டு ஊரில் உப்புக் காற்று இல்லை. கோடையில் மண் வறண்டுபோவதே அங்குக் குறை. வறண்ட மண் மின்சாரத்தை ஏற்க மறுக்கும். ஆதலால் அங்குக் குழி தோண்டி, குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கி, வேனிலில் நீர் ஊற்றுவர். கடற்கரையில் கேடு செய்யும் உப்பே மேட்டு நிலத்தில் உயிர்காக்கத் துணைபுரிகின்றது. எனினும் அவ்வுப்பும் குழாயை அரிக்கும் என்பதை மறவாது, ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும்.

அமைப்பைப் புதுப்பிக்க விழைவோர் அரசு உரிமம் பெற்ற மின்பணியாளரையே நாடுதல் வேண்டும். அவர் முதலில் காப்புறையின் தடையை அளந்து காண்பார். அது ஒரு மெகா ஓமுக்குக் குறையலாகாது. பொருள்வளம் போதாதவர் பணியைப் படிப்படியாகச் செய்யலாம். நிலத்தொடுப்பையும் ஆர்.சி.சி.பி. கருவியையும் முதற்கண் அமைக்கலாம். அடுத்து, வெந்நீர்க் கலம் முதலிய பெரும்பொறிகளுக்குத் தனித்தனிச் செம்புக் கம்பி இழுக்கலாம். எஞ்சிய விளக்குக் கம்பிகளைப் பின்னர் மாற்றலாம். கடற்கரை மனைகளில் இரும்புப் பெட்டிக்கு மாற்றாகத் துருவேறாத பிளாஸ்டிக்குப் பெட்டியும் குழாயும் ஏற்றவை. வெள்ளம் எட்டக்கூடிய இடங்களில் பலகைகளை உயர்த்தி அமைத்தல் நன்று.

திருமணத்திற்கும் திருநாளுக்கும் சுவருக்கு வெள்ளையடிக்கத் தவறாத நம் மக்கள், அச்சுவரில் ஓடும் கம்பியை எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கைத் துடைப்பது எளிது. கண்ணுக்குத் தெரியாத கசிவை ஆராய்ந்து தடுப்பதே குடும்பத்தைக் காப்போரின் கடமையாகும்.