ஊரைத் தாண்டாத வண்டி

திருப்பூரில் இரண்டு பழைய கார்கள் விலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 2012 மாடல் வேகன் ஆர், 998 சிசி பெட்ரோல் எஞ்சின். ஒன்று 45,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. "பனியன் கம்பெனி ஓனர் வண்டிங்க, ஊரைத் தாண்டுனதே இல்லைங்க" என்பார் புரோக்கர். மற்றது தூத்துக்குடி துறைமுகத்துக்கும் கோவை விமான நிலையத்துக்குமாக அலைந்து 1,10,000-ஐத் தாண்டிவிட்டது. யாரைக் கேட்டாலும் முதல் வண்டியைத்தான் காட்டுவார்கள். நான் தயங்குவேன். காரணம், தண்ணீர்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. அந்த நீரின் எடையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜன், காற்று இலவசமாகக் கொடுப்பது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் இந்த நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். துணி வெட்டும் கட்டிங் யூனிட்டிலிருந்து தைக்கும் பவர் டேபிள் யூனிட், அங்கிருந்து செக்கிங், பிறகு காதர்பேட்டை பனியன் சந்தை என்று இரண்டிரண்டு கிலோமீட்டராக ஓடுகிற வண்டியிலோ, சைலன்சர் சூடேறும் முன்பே எஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். ஆவி உள்ளேயே நீராகத் தங்குகிறது. புகையின் வாயுக்கள் அதில் கரைந்து லேசான அமிலமாகி, தகட்டை உள்ளிருந்து அரிக்கின்றன. வெளியே பளிச்சென்றிருக்கும் சைலன்சரை ஆறிய பிறகு தட்டிப் பாருங்கள், உதிர்ந்த துரு கலகலக்கலாம்.

எஞ்சின் ஆயிலுக்கும் இதே கதிதான். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்குகின்றன. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அவை பிரியும். ஆயில் மூடியைத் திறந்து அடியில் விரலால் தடவினால் வெளிர்மஞ்சள் களிம்பு ஒட்டுகிறதா? ஆயிலும் நீரும் கலந்திருக்கின்றன. ஐரோப்பியக் குளிரில் இது அடிக்கடி காண்பது. நம்மூர் வெயிலில் அவ்வளவாகச் சேராது. அதனால் இங்கே தென்பட்டால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா, கூலன்ட் குறைகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

கிளட்ச் தேய்வதும் ஓடிய தூரத்தைவிட நின்று கிளம்பிய தடவைகளைப் பொறுத்தது. டிரைவர் சீட்டின் கதவோர விளிம்பு நைந்திருந்தால், எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார்கள் என்று அதுவே சொல்லும். மீட்டர் எண்ணை மாற்றிவிடலாம், அந்த நைவை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது.

இதற்காக 1,10,000 ஓடியது தங்கம் என்று சொல்லவில்லை. ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், எஞ்சின் மவுன்டிங் எல்லாம் ஒவ்வொன்றாகச் செலவு வைக்கும். ஆயில் மாற்றிய பில்கள் ஒழுங்காக இருந்தால் விலையைக் குறைத்துப் பேசி அதையே எடுப்பேன். எதை எடுத்தாலும் 2027-இல் பதிவுக்குப் பதினைந்து ஆண்டு முடிகிறது, புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போவது விடியற்காலையாக இருக்கட்டும். முதல் வேலையாக பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சினில் தெரியும் கோளாறு மறையும்படி நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.