எலும்பின் குழியை இறால் ஓடு நிரப்புவது எப்படி?

எலும்பு முறிவு தானே கூடும் இயல்புடையது. எனினும் விபத்திலோ கட்டியை அகற்றும் அறுவையிலோ எலும்பின் பெரும்பகுதி இழக்கப்பட்டால், புதிய செல்கள் பற்றிப் படர இடமின்றி, அவ்விடைவெளியில் நார்த்திசுவே மண்டிவிடுகிறது. அங்குத் தற்காலிகச் சாரமாக நிற்கக்கூடியது ஹைட்ரோஜெல், அதாவது நீரில் கரையாமல் நீரைப் பெருமளவில் தன்னுள் தேக்கிவைக்கும் பாலிமர் வலைப்பின்னல்.

ஏன் இறால் ஓடு?

இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் கைட்டின் என்னும் சர்க்கரைச் சங்கிலி உள்ளது. ஓட்டின் சுண்ணாம்பை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கி, எஞ்சிய கைட்டினை அடர்காரத்தில் சூடாக்கினால் கிடைப்பதே இந்த ஹைட்ரோஜெலுக்கு மூலப்பொருளாகும் கைட்டோசான்; உடலிலுள்ள லைசோசைம் என்னும் நொதி இதனை மெல்லச் சிதைத்துவிடுவதால், சாரத்தை அகற்ற மறு அறுவை தேவைப்படுவதில்லை.

எப்படிச் செயல்படுகிறது?

மென் அமிலத்தில் கரைத்த கைட்டோசானுடன் கிளிசரோபாஸ்பேட் உப்பைச் சேர்த்தால், குளிர்நிலையில் திரவமாக இருக்கும் கலவை 37 டிகிரி செல்சியஸ் உடல்வெப்பத்தில் கூழாக உறைகிறது. ஆகவே அதனை ஊசிவழியே செலுத்தி, ஒழுங்கற்ற குழியையும் நிரப்ப இயலும். செல்கள் உள்ளே நுழையவும் இரத்தக் குழாய்கள் வளரவும் சாரத்தில் சுமார் 100 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட நுண்துளைகள் வேண்டும்.

ஹைட்ரோஜெல் மென்மையானது என்பதால், எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் அதில் கலக்கப்படுகிறது. அவ்வாறு கலந்தாலும் தொடை எலும்பு போன்ற பாரம் தாங்கும் இடங்களில் உலோகத் தகட்டின் துணையின்றி அது போதாது.